தனுஷ்கோடிச் சீட்டு கட்டிய பித்தளை: சோர் பஜாரில் ஒரு கப்பல் சாமான் கடை

மும்பைச் சோர் பஜாரின் மட்டன் தெருவில் பழைய கப்பல் சாமான் விற்கும் கடைகள் பல உண்டு. அவற்றில் ஒன்றின் பேச்சு இப்போது மாட்டுங்கா, செம்பூர்ப் பக்கத் தமிழ் வீடுகளில் அடிபடுகிறது. சாமானைவிட, அதில் சணல் போட்டுத் தொங்கவிட்டிருக்கும் சீட்டுதான் காரணம்: "ரயில்வே ஸ்டீமர், தனுஷ்கோடி, 1914". இலங்கைக் கப்பலுக்கு ஆளைக் கொண்டுபோன போட் மெயில் ரயிலின் பேரைக் கேட்டால் நம்மவர்கள் பேரம் தளர்ந்துவிடும் என்று கடைக்காரர் கண்டுகொண்டிருக்கிறார். தமிழில் பேசிக்கொண்டே உள்ளே நுழைந்தால் "தனுஷ்கோடி கா மால் ஹை, அண்ணா" என்பதுதான் வரவேற்பு.

பெரிய சாமான்களில் பாதிக்கு மேல் அசல் கப்பல் சாமான். விலையும் அந்தத் தெருக் கணக்குக்கு நியாயம்தான். சீட்டில் இருப்பது மட்டும் கதை. சீட்டைக் கழற்றி வைத்துவிட்டு வாங்கத் தெரிந்தவருக்கு இது நல்ல கடை. தெரியாதவர் கதைக்குத் தனியாகக் காசு கொடுத்துவிட்டு வருவார்.

முதலில் கதையைப் பார்த்துவிடுவோம். 1914-ல் பாம்பன் பாலம் திறந்ததும் தென்னிந்திய ரயில்வே தனுஷ்கோடியிலிருந்து தலைமன்னாருக்குச் சொந்தக் கப்பல் விட்டது. கர்சன், எல்ஜின், ஹார்டிஞ்ச் என்று மூன்று. மூன்றும் வைஸ்ராய்கள் பெயர். கட்டியது கிளாஸ்கோவில் ஏ அண்ட் ஜே இங்கிலிஸ். அதற்கு முன் போட் மெயில் தூத்துக்குடிக்குப் போய், அங்கே கொழும்புக் கப்பலில் ஆளை ஏற்றிவிடும். பாலம் வந்தபின் கடல் தூரம் சுமார் 35 கிலோமீட்டராகச் சுருங்கியது. பின்னால் இர்வினும் கோஷனும் வந்தன. 1964 டிசம்பர் 22 இரவுப் புயலில் தனுஷ்கோடி ஸ்டேஷனும் துறையும் அழிந்தன. அதன்பின் கப்பல் ராமேஸ்வரத்திலிருந்து ஓடியது.

இந்தத் தெருவுக்கு வரும் சாமானில் பெரும்பகுதி குஜராத்தின் அலங்கிலிருந்து வருகிறது. அலங்கில் கப்பல் உடைக்கத் தொடங்கியதே 1983-ல்தான். ஒரு கப்பல் 25, 30 வருஷம் ஓடிவிட்டுத்தான் உடைக்க வரும். ஆக அங்கே வந்தவற்றில் பெரும்பாலானவை 1950-களிலோ அதற்குப் பிறகோ கட்டியவை. 1914-ல் கட்டிய கப்பல் 69 வயதில் அலங் மணலில் ஏறியது என்றால் அது செய்தியாகியிருக்கும். மும்பையின் தாருகானாவில் அதற்கு முன்பே உடைத்தார்கள் என்று கடைக்காரர் மறுப்பு சொல்வார். அது சரி. ஆனால் அந்தக் காலத்தில் கழற்றிய பித்தளை பெரும்பாலும் நேரே மூசைக்குப் போகும். வரவேற்பறையில் வைக்க என்று கேட்டு வாங்க யார் இருந்தார்கள்?

சீமை ரயில்வே கம்பெனிகளின் கப்பல்களும் இதே கதிதான். கடையில் ஒரு பெயர்ப் பலகை "பிரஸ்ஸல்ஸ்" என்கிறது. கிரேட் ஈஸ்டர்ன் ரயில்வேயின் 1902-ஆம் வருஷக் கப்பல் அது. ஜெர்மன் நீர்மூழ்கியை மோத வந்தார் என்று அதன் கேப்டன் ஃப்ரையட்டை முதல் உலகப் போரில், 1916-ல், ஜெர்மானியர் சுட்டுக் கொன்றார்கள். கப்பலை 1929-ல் பிரிட்டனிலேயே உடைத்தாகிவிட்டது. சவுத் ஈஸ்டர்ன் அண்ட் சாத்தம் ரயில்வேயின் எங்கடைன், அதே போரின் ஜட்லாண்ட் கடற்சண்டையில் கடல்விமானம் சுமந்து, பிறகு பிலிப்பைன்ஸுக்கு விலைபோய், 1941 டிசம்பரில் மணிலா விரிகுடாவில் கண்ணிவெடியில் மூழ்கியது. தப்பித்தவை மிகக் குறைவு. நியூசிலாந்து ரயில்வேக்காக 1912-ல் கட்டிய எர்ன்ஸ்லா, மணிக்குச் சுமார் ஒரு டன் நிலக்கரி தின்றுகொண்டு வாகட்டிப்பு ஏரியில் இன்னும் ஓடுகிறது. கர்சனைக் கட்டிய அதே இங்கிலிஸ் பட்டறை 1946-ல் ஒரு ரயில்வே கம்பெனிக்குக் கட்டிக்கொடுத்த வேவர்லியும் ஓடுகிறது. அவற்றின் பித்தளை அவற்றிலேயே இருக்கிறது.

இனி சாமானுக்கு வருவோம்.

கடையில் முதலில் கண்ணில் படுவது டெலிகிராஃப். தந்தி மெஷின் என்று நினைத்துவிட வேண்டாம். மேலே பிரிட்ஜ் என்ற ஓட்டுமேடையில் இருக்கும் கேப்டன் கீழே எஞ்சின் ரூமுக்கு உத்தரவு அனுப்பும் கருவி இது. இடுப்புயரத் தூண், உச்சியில் வட்ட முகப்பு, பக்கத்தில் கைப்பிடி. முகப்பில் ஃபுல், ஹாஃப், ஸ்லோ, ஸ்டாப், ஸ்டாண்ட் பை என்று முன்னோக்கி ஒரு பக்கம், பின்னோக்கி ஒரு பக்கம் எழுதியிருக்கும். மேலே கைப்பிடியைத் தள்ளினால் சங்கிலியும் கம்பியும் இழுபட்டுக் கீழே மணி அடித்து முள் நகரும். கீழே இருப்பவர் தன் கைப்பிடியை அதே இடத்துக்குக் கொண்டுவந்தால், மேலே இரண்டாவது முள் வந்து முதல் முள்ளோடு பொருந்தும். அதுதான் "கேட்டேன்" என்ற பதில்.

இங்கே இரண்டு வகை டெலிகிராஃப் வைத்திருக்கிறார்கள், ஒரே விலை சொல்கிறார்கள். எங்களிடம் முதலில் கேட்டது 90,000. ஒன்று அசல், மற்றது முராதாபாத், ரூர்க்கிப் பட்டறைகளில் வார்க்கும் புது உருப்படி மாதிரி. பிரித்தறிய ஐந்து நிமிஷம் போதும்.

தூணைச் சாய்த்து அடியைப் பாருங்கள். அசலில் அடித்தட்டில் சங்கிலி இறங்கும் துளை இருக்கும். டார்ச் அடித்தால் உள்ளே பற்சக்கரம் தெரியும், பெரும்பாலும் அறுந்த சங்கிலித் துண்டு ஒன்றும் கிரீஸ் கட்டியோடு தொங்கும். புதியதில் உள்ளே வெறும் காற்று. கைப்பிடியைத் தள்ளும்போது ஒவ்வொரு உத்தரவிலும் "டக்" என்று பள்ளத்தில் விழ வேண்டும். வழுக்கிக்கொண்டே போனால் அது பொம்மை.

அடுத்தது போல்ட். தூணைத் தட்டோடு பிணைக்கும் அரை அங்குல போல்ட்டைக் கழற்றச் சொல்லி, மரைமேல் ஒரு ஸ்டீல் ஸ்கேலை வைத்து எண்ணுங்கள். பழைய பிரிட்டிஷ் விட்வொர்த் மரை என்றால் அங்குலத்துக்குச் சரியாக 12. இன்றைய எம்12 போல்ட்டில் 1.75 மில்லிமீட்டருக்கு ஒரு மரை, அதாவது அங்குலத்துக்குப் பதினாலரை. போல்ட் பிற்பாடு மாற்றியதாக இருக்கலாம் என்று சொல்வார்கள். அப்படியானால் துளையின் உள்மரையை எண்ணுங்கள்; அதை யாரும் மாற்றமாட்டார்கள். ஜப்பானில் கட்டிய கப்பல் என்றால் மெட்ரிக் மரை இருப்பது இயல்பே. அசல்தான், ஆனால் தனுஷ்கோடி அல்ல.

முகப்பைச் சுரண்டாமல் நகத்தால் தடவுங்கள். பால் கண்ணாடியில் சுட்டுப் பதித்த எழுத்தானால் நகத்தில் தட்டாது, ஓரத்தில் லேசாக மங்கியிருக்கும். ஸ்டிக்கர் என்றால் விளிம்பு நகத்தில் மாட்டும். ராத்திரியில் முகப்பு தெரிய உள்ளே விளக்கு வைப்பார்கள். எண்ணெய் விளக்குக்கான சின்னக் கதவு இருந்தால் பழையது என்பதற்கு அது நல்ல அடையாளம்.

கர்சன் வகைக் கப்பல் என்று சொல்லி ஒற்றைக் கைப்பிடி டெலிகிராஃபைக் காட்டினால் ஒரே கேள்வி கேளுங்கள்: இன்னொரு கைப்பிடி எங்கே? அந்தக் காலத்து ஃபெரிகளின் பெயருக்கு முன்னால் டி.எஸ்.எஸ். என்று மூன்றெழுத்து வரும். இரட்டை ஸ்க்ரூ (ஸ்க்ரூ என்றால் கப்பலைத் தள்ளும் சுழல்விசிறி), மூன்று ஸ்க்ரூ, டர்பைன் என்று இடத்துக்கு ஏற்ப மூன்று பொருளும் அதற்கு உண்டு. எதுவானாலும் விசிறியைச் சுழற்றும் ஷாஃப்ட் ஒன்றே ஒன்றாக இருக்காது. ஆரம்பகால மூன்று ஸ்க்ரூ டர்பைன் கப்பல்களில் பின்னோக்கி ஓட்டும் டர்பைன் இரண்டு ஓர ஷாஃப்டிலும்தான் இருக்கும். நடுவில் இருப்பதற்கு முன்னோக்கி மட்டுமே ஓடத் தெரியும். துறையில் கப்பலைத் திருப்பி அணைக்க இடது தனியாக, வலது தனியாக உத்தரவு போக வேண்டும். ஒற்றைக் கைப்பிடி, ஒற்றை எஞ்சின் சரக்குக் கப்பலுக்குப் போதும்.

தேய்மானத்தையும் பாருங்கள். வாரக்கணக்கில் ஃபுல்லிலேயே கிடக்கும் சரக்குக் கப்பலின் டெலிகிராஃபில் பள்ளங்கள் கூர்மையாகவே இருக்கும். இரண்டு, மூன்று மணி நேரத்துக்கு ஒரு துறை தொடும் ஃபெரியில் ஸ்லோ, ஸ்டாப், ஸ்லோ பின்னோக்கி இவைதான் ஓயாமல் அடிபடும். அந்தப் பள்ளங்கள் உருண்டு வழவழப்பாகியிருக்கும். கடையிலிருக்கும் அசல் உருப்படியில் எல்லாப் பள்ளமும் புதுசுபோல இருக்கிறது. சரக்குக் கப்பல், சந்தேகமில்லை.

அடுத்து பாய்லர் கேஜ் கிளாஸ், பாய்லருக்குள் தண்ணீர் மட்டத்தைக் காட்டும் கண்ணாடிக் குழாய். மரப்பலகையில் பொருத்தி 5,500 ரூபாய்க்கு விற்கிறார்கள். இதுதான் கடையில் எங்களுக்கு ஆகப் பிடித்த சாமான். பொருத்தியிருக்கும் விதம் மட்டும் சிரிப்பு. மூன்று காக்கின் (திறந்து மூடும் திருகின்) கைப்பிடிகளையும் படுக்கை வசத்தில் நேராக்கி, மினுமினுவென்று வைத்திருக்கிறார்கள். வீட்டுக் குழாய்க்குக் கைப்பிடி குழாயோடு ஒரே வாக்கில் இருந்தால் திறப்பு. கப்பல் கேஜ் கிளாஸில் தலைகீழ்: வேலை நிலையில் கைப்பிடி எல்லாம் செங்குத்தாகக் கீழே தொங்க வேண்டும். எஞ்சின் அதிர்ச்சியில் கைப்பிடி தளர்ந்தால் கீழ்ப்பக்கம்தானே விழும். அப்படி விழுந்தாலும் அது வேலை நிலையிலேயே நிற்கட்டும் என்ற ஏற்பாடு. கடையில் தொங்கும் அத்தனையும் வேலை நிலையைவிட்டு விலகி நிற்கின்றன. வாங்கியதும் கைப்பிடிகளைக் கீழே திருப்பிவிடுங்கள்.

இதை எப்படிச் சோதிப்பார்கள் என்று தெரிந்தால் எதைப் பார்த்து வாங்குவது என்பதும் புரியும். மேல் காக் நீராவிக்கு, கீழ் காக் தண்ணீருக்கு, அடியில் தண்ணீரை வெளியே விடும் டிரெயின் காக். முதலில் தண்ணீர்க் காக்கை மூடி டிரெயினைத் திறந்தால் நீராவி சீறி வர வேண்டும். பிறகு நீராவிக் காக்கை மூடித் தண்ணீர்க் காக்கைத் திறந்தால் தண்ணீர் பீய்ச்ச வேண்டும். கடைசியில் டிரெயினை மூடி இரண்டையும் திறந்தால் மட்டம் விறுவிறுவென்று ஏறி நிற்க வேண்டும். மெதுவாக ஏறினால் வழியில் உப்புக் கல் அடைத்திருக்கிறது. கப்பல் ஆடும்போது கண்ணாடியில் தண்ணீரும் ஆடவேண்டும். ஆடாத மட்டத்தை நம்பி ஃபயர்மேன் நிலக்கரி தள்ளிக்கொண்டே போனால், உள்ளே தண்ணீர் இறங்கி ஃபர்னஸ் கூரை சிவந்து நசுங்கும். ஆகவே வாங்குமுன் ஒவ்வொரு காக் வழியாகவும் ஒரு மெல்லிய கம்பியை விட்டுப் பாருங்கள். வெள்ளைப் பொருக்கு ஒட்டிக்கொண்டு வந்தால் அது பாய்லரில் இருந்த சாமான். கம்பி நுழையவே வழியில்லாமல் துளை பாதியோடு நின்றால் அலங்கார வார்ப்பு.

பிரஷர் கேஜுகள் ஒரு சுவர் நிறைய. முகப்பில் சிவப்புக் கோடு எங்கே என்று பாருங்கள். அந்தப் பாய்லர் தாங்க அனுமதித்த அழுத்தம் அது. அந்தக் கோட்டில்தான் ரயில்வே ஸ்டீமரின் தலைவலி முழுக்க. சாதாரணக் கப்பல் தன் நேரத்துக்குக் கிளம்பும். ரயில்வே கப்பலோ ரயிலுக்குக் காத்திருக்க வேண்டும். ரயில் இரண்டு மணி நேரம் லேட் என்றால் நெருப்பைத் தணித்துப் பின்னால் ஒதுக்கி, ஈரத்தூள் நிலக்கரி போட்டு மூடி, காற்று வழியை அடைத்துவைப்பார்கள். ரயில் நெருங்கும் தகவல் வந்தபின் பரப்புவார்கள். சீக்கிரம் பரப்பினால் முள் சிவப்பைத் தொட்டு, சேஃப்டி வால்வு அலறி, விலைகொடுத்து ஏற்றிய நல்ல தண்ணீர் ஆவியாகப் போகும். தாமதித்தால் பாதி அழுத்தத்தில் துறையைவிட்டு நகர வேண்டிவரும். இந்த கேஜுகளில் பலவற்றின் உள்ளே இருந்த, முள்ளை நகர்த்தும் வளைந்த பூர்டன் குழாயைப் பிடுங்கிவிட்டு பேட்டரிக் கடிகாரம் வைத்திருக்கிறார்கள். பின்மூடியைத் திறக்கச் சொல்லாமல் வாங்காதீர்கள். கேஜுக்குக் கீழே வரவேண்டிய வளையக் குழாயும் சேர்ந்து வந்தால் கூடுதலாகக் கொடுக்கலாம். அந்த வளையத்தில் தண்ணீர் தேங்கி நிற்பதால்தான் கொதி நீராவி நேராகக் கேஜுக்குள் போய்க் குழாயைக் கெடுக்காமல் இருக்கிறது.

கடையின் மூலையில் ஒரு தகர டப்பாவில் கிடப்பதுதான் அடிவிலைப் பொக்கிஷம். "தூத் மீட்டர்" என்று எழுதி, ஒன்று 700 ரூபாய். பால்மானி என்று நினைத்திருக்கிறார்கள். எடுத்துத் தண்டைப் படித்தால் 1/32, 2/32, 3/32 என்று கோடுகளும் 200 டிகிரி என்ற எண்ணும் இருக்கின்றன. இது சாலினோமீட்டர், தண்ணீரில் உப்பை அளக்கும் மிதவை. கடல்தண்ணீரில் ஏறக்குறைய 32 பங்குக்கு ஒரு பங்கு உப்பு. அதனால் அந்த அளவுகோல். ஆவியைக் கடல்நீரால் குளிரவைத்து மீண்டும் தண்ணீராக்கும் கண்டென்சரின் குழாய் ஒன்று கசிந்தால் கடல்நீர் பாய்லர் தண்ணீரோடு கலந்து, ஃபர்னஸ் மேல் கல்லாகப் படியும். அதனால் பாய்லரிலிருந்து ஒரு குவளை எடுத்து, 200 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்கு ஆறவிட்டு, இதை மிதக்கவிட்டுப் பார்ப்பார்கள். ஆறவிடாமல் பார்த்தாலும், அதிகம் ஆறவிட்டுப் பார்த்தாலும் அளவு தப்பு. இதை விற்பவருக்கு விளக்கிச் சொல்ல வேண்டிய அவசியம் உங்களுக்கு இல்லை.

விளக்குகள் சுமார். இடப்பக்கச் சிவப்பு, வலப்பக்கப் பச்சை விளக்கு ஒவ்வொன்றும் நேர் முன்னிலிருந்து 112.5 டிகிரி மட்டும் வெளிச்சம் காட்ட வேண்டும், உச்சி வெள்ளை விளக்கு 225, பின்விளக்கு 135. இங்கே இடப்பக்க விளக்கு என்று விற்பது சுற்றிலும் சிவப்பாக ஒளிர்கிறது. அதைக் கப்பலில் மாட்டினால் எதிரே வருபவன் நீங்கள் எந்தப் பக்கம் போகிறீர்கள் என்று தெரியாமல் மோதுவான். ஜன்னல் வட்டங்களில் கண்ணாடியின் தடிமன் அரை அங்குலத்துக்குக் குறைந்தால் எடுக்க வேண்டாம்.

பெயர்ப் பலகைக்கு ஒரு டேப் போதும். பித்தளை வார்ப்பு ஆறும்போது அடிக்கு 3/16 அங்குலம் சுருங்கும். அசல் பட்டறையில் அச்சு செய்பவர் அந்தச் சுருக்கத்துக்கு இடம்விட்டுத்தான் அளப்பார், அதனால் பலகை முழு அங்குலத்தில் வந்து நிற்கும். அசலையே மண்ணில் அழுத்தி நகல் வார்த்தால் நகல் குட்டையாகிவிடும். கடையிலிருக்கும் "பிரஸ்ஸல்ஸ்" பலகை 17 அங்குலமும் முக்காலும்: 18 அங்குலம் இருந்த ஏதோ ஒன்றின் பிள்ளை. எழுத்துகளையும் பிற்பாடு மாற்றியிருக்கிறார்கள் என்று தோன்றுகிறது. மூன்று 'எஸ்'களும் ஒன்றோடொன்று ஒத்துவரவில்லை.

கடையின் பாலிஷ் வேலைக்கு எங்கள் மதிப்பெண் பூஜ்யம். பஃபிங் சக்கரத்தில் கொடுத்து எழுத்துகளின் விளிம்பை உருட்டிவிடுகிறார்கள், மேலே லாக்கர் என்ற பளபளப்புப் பூச்சு அடித்துவிடுகிறார்கள். அதற்குள் பச்சைக் களிம்பு மாட்டிக்கொண்டால் ஆறு மாசத்தில் புள்ளி புள்ளியாக மேலே வரும். "அப்படியே கொடுங்கள்" என்று கேட்டு வாங்குங்கள், விலையும் குறையும். வீட்டில் நம் குத்துவிளக்குக்குச் செய்கிற புளி வைத்தியம் இதற்கும் சரி. ஆனால் ஊறவிடக்கூடாது. தேய்த்து இரண்டு நிமிஷத்தில் கழுவி, மரைக்குள்ளிருக்கும் ஈரத்தைத் துணியால் ஒற்றி, வெயிலில் வையுங்கள். பித்தளையில் ஆங்காங்கே ரோஜா நிறத் திட்டு தெரிந்தால் அழுக்கு என்று தேய்க்காதீர்கள். கடல்நீர் துத்தநாகத்தை இழுத்துக்கொண்டு செம்பை விட்டுவைத்த இடம் அது. உங்கள் சாமான் கடலைப் பார்த்தது என்பதற்கு அது நல்ல சாட்சி.

பில் விஷயம் தனி வேடிக்கை. சீட்டில் "1914". பில்லில் "பித்தளை அலங்காரப் பொருள், புதியது". 1972-ஆம் வருஷத்துத் தொல்பொருள் சட்டப்படி நூறு வருஷம் கடந்த பொருள் தொல்பொருளாகலாம். அதை இஷ்டப்படி வெளிநாட்டுக்கு அனுப்ப முடியாது. துபாயிலோ சிங்கப்பூரிலோ இருக்கும் பிள்ளைக்கு அனுப்ப நினைப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். பேரத்தின் முடிவில் "சீட்டில் இருக்கிற வருஷத்தையே பில்லிலும் எழுதுங்கள்" என்று அமைதியாகக் கேட்டுப் பாருங்கள். எங்கள் கண்முன் 90,000 இருந்தது 62,000-க்கு வந்தது, சீட்டும் கத்தரிக்கப்பட்டது.

போகும் வழி: மாட்டுங்காவிலிருந்து ஸ்லோ வண்டி, செம்பூரிலிருந்து ஹார்பர் லைன், இரண்டிலும் சாண்ட்ஹர்ஸ்ட் ரோடில் இறங்கி நடக்கலாம். வெள்ளிக்கிழமை கடைகள் அடைப்பு. அன்றைக்குத் தெருவில் விரிப்புச் சந்தைதான். ஸ்டீல் ஸ்கேல், காந்தம், டார்ச், மெல்லிய கம்பி, தூக்கு எடைமானி கையிலிருக்கட்டும். முழு டெலிகிராஃப் 50 கிலோவை ஒட்டி வரும், லிஃப்ட் இல்லாத பழைய மாட்டுங்கா கட்டடத்தில் மூன்றாம் மாடிக்கு அப்படியே ஏற்ற முடியாது. தலையையும் தூணையும் பிணைக்கும் போல்ட்டுகளைக் கடையிலேயே கழற்றி இரண்டு பாகமாக்கிக்கொள்ளுங்கள். போல்ட்டுகளை ஒரு பையில் போட்டு நீங்களே வைத்துக்கொள்ளுங்கள். கடைப் பையன் கையில் போனால் மூட்டும்போது எம்12 ஆகத் திரும்பி வரும்.